வடை தின்ற கை

பத்து நிமிடம் சும்மா காத்திருக்கச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தபால் ஆபீஸ் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவரின் படிவத்தைப் பிடுங்கி நானே நிரப்பிக் கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னைப் போய், தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கும் வேலையில் போட்டார்கள். அந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வேதியியல் படித்துவிட்டு, புதுச்சேரியில் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் சேர்ந்திருந்தேன். அதுவரை பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துவந்து ஆபீசில் வைத்துத்தான் பார்ப்போம். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து கைப்பிடி வைத்த பெட்டி ஒன்று வந்து இறங்கியது. ஜீப் பேட்டரியிலேயே ஓடும். போகிற இடத்திலேயே அளந்து சொல்லிவிடலாம் என்றார்கள். நாற்காலியில் உட்கார முடியாத எனக்குத்தான் அதைக் கொடுத்தார்கள். நான் தலைகால் புரியாமல் குதித்தேன்.

வேலை இதுதான். பிடித்த தண்ணீரோடு ஒரு கரைப்பானை ஊற்றி, கண்ணாடிப் புனலில் அடைத்துக் குலுக்க வேண்டும். டிரை கிளீனிங் கடையில் அடிக்குமே, அந்த வாசனை. தலைவலி இலவசம். தண்ணீரில் இருக்கும் எண்ணெயெல்லாம் கரைப்பானுக்குள் போய்விடும். கரைப்பான் கனம் என்பதால் மெல்ல அடியில் தங்கும். அதைச் சின்னக் குப்பியில் இறக்கிப் பெட்டிக்குள் வைத்தால், அகச்சிவப்பு ஒளி அதன் வழியே பாயும். எண்ணெய் எவ்வளவு ஒளியை விழுங்குகிறதோ, அவ்வளவு முள் நகரும். டீசலா, தேங்காயெண்ணெயா என்றெல்லாம் அந்தப் பெட்டி கேட்காது. எதுவானாலும் முள் ஏறும்.

இதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. காய்ச்சி வடித்த சுத்தமான வாலை வடிநீரை எடுத்து, அதே இடத்தில், அதே பாத்திரத்தில், அதே கையால் ஒருமுறை இதே மாதிரி குலுக்கிப் பார்க்க வேண்டும். முள் அசையாவிட்டால்தான் மேற்கொண்டு போகலாம். கரைப்பான் அடியில் தங்குவதற்கு ஒரு பத்து நிமிடம். நான் அதைக் காலையில் ஆபீசிலேயே முடித்து, நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புவேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு வேறு.

தட்டாஞ்சாவடியில் ஒரு பாய் லேத் பட்டறை வைத்திருந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்து, வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கியவர். இரண்டு லேத் மெஷின், அவரோடு சேர்த்து நான்கு பேர். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குச் சின்னச் சின்ன உதிரி பாகங்கள் கடைவார்கள். பிரெஞ்சுக்காலப் பள்ளியில் படித்தவர் என்பதால், பட்டறையை 'அத்தெலியே' என்றுதான் சொல்வார். பாகங்களைக் கழுவும் தண்ணீர் பின்பக்கக் கால்வாயில் போகிறது, அதில் எண்ணெய் மிதக்கிறது என்று யாரோ மனு போட்டிருந்தார்கள். இரண்டு முறை அளவுக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. மூன்றாம் முறையும் அப்படியே இருந்தால் மின்சாரத்தை வெட்டிவிடுவார்கள். கரண்ட் போனால் அந்த நான்கு பேருக்கும் பிழைப்பு போச்சு.

முதல்முறை நாங்கள் போனது நோன்பு மாதம். நானும் ஜீப் டிரைவரும் இறங்குவதற்குள் டீயும், பேப்பரில் சுற்றிய மசால் வடையும் வந்துவிட்டன. பாய்க்கு உதடு காய்ந்திருந்தது. எச்சில்கூட விழுங்காமல் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"குந்துங்க மேடம். சாப்ட்டுட்டு வேலயப் பாருங்க. வெயில்ல வந்துருக்கீங்க."

நோன்பிருக்கிற மனிதர் வாங்கிவந்து நீட்டுவதை எப்படி வேண்டாம் என்பது? இரண்டு வடை தின்றேன். குழாய் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. அங்கே போய்வர எனக்கு எங்கே பொறுமை? அந்தப் பேப்பரிலேயே கையைத் துடைத்துக்கொண்டு புனலை எடுத்தேன். குலுக்கும்போது உள்ளங்கையால் மூடியை அழுத்திப் பிடிப்போம். நடுநடுவே திறந்து ஆவியை விடுவோம். கரைப்பான் கசிந்து விரலிடுக்கில் ஓடும், திரும்ப உள்ளே போகும். முள் அனுமதித்த அளவைத் தாண்டிப்போய் நின்றது.

"இன்னா மேடம், மேலயே போவுதே," என்றார் பாய்.

அடுத்தமுறை போனபோது நோன்பு முடிந்திருந்தது. எங்களோடு அவரும் வடை தின்றார். முள் மறுபடியும் அங்கேயே போய் நின்றது. பாய் முகம் செத்துவிட்டது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். இவ்வளவு நல்லவர் இப்படி மெத்தனமாக இருக்கிறாரே என்று அவருடைய ஆட்கள் முன்னாலேயே சத்தம் போட்டேன். "கால்வாய்த் தண்ணிய மாடு குடிக்குது பாய். உங்களுக்குக் கொஞ்சமாவது அக்கறை இருக்கா?" என்றேன். இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

சில வாரம் கழித்து, ஊருக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலைக்குப் போனோம். காவலாளி எங்களை வெயிலில் அரைமணி நேரம் நிற்கவைத்தான். ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை. உள்ளே சாக்கடை கன்னங்கரேல் என்று ஓடியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அளந்தால், முள் அனுமதித்த அளவுக்குள் சமர்த்தாக நின்றது. கறுப்பாக இருப்பதெல்லாம் எண்ணெய் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எரிச்சல் அடங்கவில்லை. பாய் பட்டறைத் தண்ணீர் இதைவிட எத்தனையோ தெளிவு.

திரும்பும் வழியில் டிரைவர் சிரித்தார். "இன்னா மேடம் நியாயம் இது? வட வாங்கிக் குடுத்தவனுக்கு ஃபெயிலு, பச்சத்தண்ணி குடுக்காதவனுக்கு பாசு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வடைதான் காதில் நின்றது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். தட்டாஞ்சாவடி முனை டீக்கடையில் இரண்டு மசால் வடை வாங்கித் தின்றேன். பேப்பரில் கையைத் துடைத்தேன். ஜீப்பின் பின்கதவைத் திறந்து பெட்டியை வைத்து, பாட்டிலில் இருந்த வாலை வடிநீரைப் புனலில் ஊற்றிக் குலுக்கினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள்.

கரைப்பான் அடியில் தங்கியது. குப்பியில் இறக்கி உள்ளே வைத்தேன். எண்ணெய் வாடையே படாத தண்ணீருக்கு முள் கிடுகிடுவென்று ஏறியது.

"இன்னொரு வட தின்னு பாருங்க மேடம், இன்னும் ஏறுதான்னு," என்றார் டிரைவர்.

மேலதிகாரியிடம் ஓடினேன். பாய்க்கு எழுதிய இரண்டு ரிப்போர்ட்டும் தப்பு, அவர் தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது, உடனே ரத்து செய்ய வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"உன் கையில எண்ணெ இருந்துச்சு, சரி. அதுக்காக அவர் தண்ணியில எண்ணெயே இல்லன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

எண்ணெய்ச் சோதனைக்குப் பிடிக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்க முடியாது. பாட்டிலின் பக்கவாட்டிலும் எண்ணெய் ஒட்டும் என்பதால், முழுத் தண்ணீரையும் புனலில் கொட்டி, பாட்டிலையும் கரைப்பானால் அலசி ஊற்றிவிடுவோம். அந்த இரண்டு நாள் தண்ணீரும் போயே போய்விட்டது. இனி யார் அளந்தாலும் அதை அளக்க முடியாது. மூன்றாம் முறை ஒழுங்காக அளந்துவிட்டு வா, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பினார்.

போனேன். பட்டறைக்குள் நுழைந்ததும் ஏதோ வெறிச்சென்று இருந்தது. ஒரு லேத் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளும் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. பின்பக்கம் சிமென்ட் ஈரம் காயாத புதுத் தொட்டி. கழுவும் தண்ணீர் அதில் தேங்கி, எண்ணெய் மேலே மிதந்து, அடித் தண்ணீர் மட்டும் வெளியே போகும்படி மூன்று தடுப்பு வைத்துக் கட்டியிருந்தார். லேத்தை விற்றுத்தான் கட்டினாராம். அந்த லேத்தில் வேலை பார்த்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

வழக்கம்போல வடைப் பொட்டலம் வந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பாய் பொட்டலத்தை மெஷின்மேல் வைத்தார்.

"சாப்பிட மாட்டீங்களா? அப்ப முடிவு பண்ணிட்டுதான் வந்துருக்கீங்க."

நான் பின்பக்கம் போய் முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். முதலில் வாலை வடிநீர். பத்து நிமிடம் நின்றேன், அசையாமல். முள்ளும் அசையவில்லை. பிறகு பாயின் தண்ணீர். இன்னொரு பத்து நிமிடம். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் நின்றதில்லை. முள் கொஞ்சம் ஏறி, அளவுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது.

பாய் கண்ணை மூடித் திறந்தார். "தொட்டி கட்டுனது வீண்போகல மேடம். நீங்க அன்னிக்கு திட்டலன்னா நான் கட்டிருக்கவே மாட்டேன். மெர்சி."

பேசாமல் கிளம்பியிருக்கலாம். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வடை, பேப்பர், கை, கரைப்பான் என்று எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டிவிட்டேன். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னேன்.

அவர் திரும்பி அந்த நான்கு துளைகளைப் பார்த்தார்.

"அப்ப மெஷின வித்துருக்க வேணாமா?"

"தெரியல பாய்."

"தெரியலன்னா?"

"வித்திருக்கணுமோ, வேணாமோ. இனிமே யாராலயும் சொல்ல முடியாது பாய்."

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மெஷின ஒரு கடலூர்க்காரர் வாங்கிட்டுப் போயிட்டாரு. அங்க பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் அவர் பட்டற," என்றார். அப்புறம், "என்கிட்ட சொல்லிட்டீங்க. வீட்டுக்கு அனுப்புனேனே, அவன்கிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டார்.

அந்த லேத்தில் வேலை பார்த்தவர் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நானே போனேன். ரயில்வே லைனை ஒட்டிய சந்தில், ஒற்றை அறை வீடு. அந்த மனிதர் பனியனோடு வாசலில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து, உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. நானாக இருந்தால் அந்த நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பேன்.

அவர் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நான் மூச்சுவிட நிறுத்தியதும், "மெஷின் இப்ப எங்க மேடம் ஓடுது?" என்றார்.

"கடலூர்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"அது கை பழகுன ஆளு இல்லாம ஓடாது மேடம். அதோட கோளாறு எனக்குத்தான் தெரியும்."

உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ரேடியோ பிரித்தது பிரித்தபடி கிடந்தது. "கடலூர் போய்ட்டு வந்துடறேன்," என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, பொத்தானைப் போட்டபடியே சந்தில் வேகமாக நடந்தார். நான் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.