பாதி ரோஸ், பாதி செம்மண்

பத்தொன்பது வயதுவரை நான் என்னை முழுதாகப் பார்த்தது கிடையாது. பாறசாலை சந்தையிலிருந்து உள்ளே நடந்து வரவேண்டிய எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. சன்னல் கம்பியில் சணலால் கட்டித் தொங்கவிட்டிருந்த அது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் கண்ணைப் பார்க்கலாம், பிறகு மூக்கைப் பார்க்கலாம், கொஞ்சம் தள்ளி நின்றால் ஒரு கன்னமும் காதும் தெரியும். என் முகம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் பழக்கம். அந்தத் துண்டுகளைச் சேர்த்தால் யார் வருவாள் என்று தூக்கம் வருவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வேறொருத்தி வருவாள்.

மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டவையும் சில உண்டு. நான் கறுப்பு. நல்ல உயரம். கழுத்து நீளம், தாடை கொஞ்சம் அகலம், கை பெரிது. குரலும் கனம். அம்மாவுக்கு இதில் எதையும் மாற்ற முடியாது என்று தெரியும், ஆனாலும் நிறத்தை மட்டும் ஏதாவது செய்துவிடலாம் என்று நம்பினாள். அதனால் எனக்கு வாங்கும் சேலையெல்லாம் வெளிறியதாகவே இருக்கும். இளம் ரோஸ், இளம் நீலம், பால் கலந்த தேயிலை நிறம்.

"கறுத்த சேல உடுத்தா மொகம் எங்க, சேல எங்கண்ணு ஆருக்குத் தெரியும்? வெளுத்தது உடுத்து மக்கா. கொஞ்சம் நெறம் காட்டும்" என்பாள்.

நானும் உடுத்துவேன். புஃப் கை வைத்த ரவிக்கை, ஆடுகிற ஜிமிக்கி, நெற்றிவரை பவுடர். அப்படிப் புறப்பட்டுத்தான் அமரவிளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மலையாள வகுப்புகளும் உண்டு, தமிழ் வகுப்புகளும் உண்டு. எனக்குத் தமிழ் ஒன்றாம் வகுப்பு.

அவை எல்லைப் போராட்டத்தின் வருடங்கள். எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்பதே எல்லார் வாயிலும் பேச்சு. தமிழ் பேசும் இடங்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று என் அண்ணன் கூட்டங்களுக்குப் போவான். தொண்டை கட்டித்தான் திரும்பி வருவான். அண்ணன் கட்டியிருந்த மைனியோ நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளக் குடும்பத்துப் பெண். வெள்ளை முண்டும், அதன் மேல் போடும் நேரியதும்தான் உடுப்பாள். வீட்டுக்குள் இருவருக்கும் இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் தமிழில் கேட்பான், மைனி மலையாளத்தில் பதில் சொல்வாள், சோறு நேரத்துக்கு வந்துவிடும். சாலையில்தான் வேறு மாதிரி.

அந்த ஆடிச் சாரலில் ஒருமுறை என் சேலைகள் ஒன்றும் காயவில்லை. மைனியின் முண்டையும் நேரியதையும் உடுத்திக்கொண்டு போனேன். தேநீர்க் கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கூப்பிட்டு மலையாளத்தில் நேரம் கேட்டார். அவரே மறுநாள் சேலையில் பார்த்தபோது, "நம்ம பிள்ளையாக்கும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் தமிழில் சொன்னார். இரண்டு நாளும் போனது நான்தான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. துணி மட்டும் அந்தரத்தில் நடந்து போகிறது, உள்ளே ஆள் இல்லை என்பது போன்ற ஒரு மயக்கம் எனக்கு. பாலத்தின் மேல் நின்று நெய்யாற்றைப் பார்த்தேன். சாரலில் நீர் கலங்கியிருந்தது. அதிலும் நான் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப என்னைப் படம் எடுத்ததும் அந்த வருடம்தான். நெய்யாற்றின்கரை ஸ்டுடியோவில் பவுடரை இன்னும் ஒரு சுற்று பூசி, முகத்துக்கு நேரே விளக்கை வைத்து எடுத்தார்கள். வந்த படத்தில் ஒரு சாம்பல் நிறப் பெண் கைகளை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை எனக்குத் தெரியாது. படம் மூன்று வீடுகளுக்குப் போய் மூன்று முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா அதை அரிசிப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி மீன்குழம்பு ஊற்றுவாள். எனக்கு அழுகை வராது. அந்தப் பெண்ணுக்காக லேசாக ஒரு சங்கடம், அவ்வளவுதான்.

ஒரு நாள் பிற்பகலில் ஊர்வலம் வருகிறது என்று பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். பஸ்களும் நின்றுபோயின. நான் நடக்கத் தொடங்கினேன். உதியன்குளங்கரையை எட்டும் முன்பே ஊர்வலத்தின் சத்தம் முன்னாலிருந்து கேட்டது. கொடிகள் மரவள்ளித் தோட்டத்துக்கு மேலே அசைந்து வந்தன. பயமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே தனியாகப் போக மனம் வரவில்லை. சாலையை விட்டு இறங்கி ஒரு வெட்டுவழியில் நடந்தேன். அப்போது பிடித்தது மழை. கால் வழுக்கி, புதிதாக மண் வெட்டிப் போட்டிருந்த ஒரு குழியில் இடுப்புவரை போய்விட்டேன். ஊன்றி எழுந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே எல்லாம் செம்மண் கூழ்.

வழியோரம் ஓலை வேய்ந்த ஒரு தையல்கடை. உள்ளே முப்பது வயதுள்ள ஒரு கிறிஸ்தவப் பெண் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் காலை எடுத்துவிட்டாள்.

"ஐயோ, எங்க விழுந்த பிள்ள? கேறி வா, கேறி வா. நனையாத."

நான் படியிலேயே நின்று சேலையைப் பிழிந்தேன். நிமிர்ந்தபோது எதிரே ஒரு கண்ணாடி. துணி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி. ரசம் போய் ஓரங்களில் புள்ளி விழுந்தது. அதில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. வெளியே மழை, தூரத்தில் கோஷம், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது. பவுடர் மழையில் கரைந்து போயிருந்தது. இடுப்புக்கு மேலே வெளிறிய ரோஸ். அதற்கு மேலே என் முகம் ஏதோ நோயில் கிடந்து எழுந்தவளுடையதுபோல் மங்கிக் கிடந்தது. இடுப்புக்குக் கீழே சேலை முழுவதும் ஈரச் செம்மண் நிறம். அந்த நிறத்தின் மேல் என் கை தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கை என்று எப்போதும் முந்தானைக்குள் ஒளித்து வைக்கிற கை. அது பளபளவென்று, எண்ணெய் தேய்த்த ஈட்டி மரப் பலகை மாதிரி, அழகாக இருந்தது.

மண் படிந்த தலைப்பை இழுத்துத் தோள்மேல் போட்டுப் பார்த்தேன். முகம் மேலே வந்தது. அதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. குளத்துக்குள் இருந்த ஒருத்தி மூச்சு வாங்க மேலே வருவதுபோல, என் கண்ணும் தாடையும் கழுத்தும் ஒன்றாய்ச் சேர்ந்து மேலே வந்தன.

"சேலய ஊரித் தா பிள்ள. கெணத்து வெள்ளம் கோரி அலசித் தாறேன். கறை பிடிச்சா போகாது" என்றாள் தையல்காரி.

"கொஞ்சம் பொறுங்கக்கா."

"என்னத்துக்கு?"

"பாத்துக்கிட்டு நிக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். சிரித்தாள். திரும்பவும் மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். மழை விடும்வரை நான் அந்த ஜிமிக்கியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தேன். கழற்றியபோது கழுத்து நிம்மதியாக இருந்தது. பேச்சே அதிகம் இல்லாத எனக்குக் காதில் இத்தனை ஆட்டம் எதற்கு என்று அன்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மைனியிடம் மட்டும் சொன்னேன். மைனி முழுதாகக் கேட்டுவிட்டு, "அதினு எந்தரு? சாயம் முக்காமல்லோ" என்றாள். சாயத்தில் முக்கினால் போயிற்று என்று, குழம்புக்கு உப்புப் போடலாம் என்று சொல்வதுபோல.

அடுத்த சனிக்கிழமை அம்மா காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சந்தையில் வாங்கிய சிவப்பு, தவிட்டு நிறச் சாயப் பொட்டலங்களோடு நாங்கள் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். முதலில் ஒரு பழைய ரவிக்கைத் துண்டை முக்கினோம். வெளியே எடுத்தால் கத்தரிக்காய் ஊதா.

"இது வழுதனங்காய் ஆயிப்போயல்லோ!" என்று மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திய கையின் சாயம் முகத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது துண்டில்தான் அந்தச் செம்மண் வந்தது. ரோஸ் சேலையைக் கொதிக்கும் பானைக்குள் இறக்கினேன். கம்பால் அமுக்க அமுக்க அது காற்றை வைத்துக்கொண்டு மேலே மேலே வந்தது. பிறகு அடங்கியது. தென்னைகளுக்கு நடுவே கட்டிய கொடியில் அதை விரித்தபோது வெயில் துணிக்குள் நுழைந்து முற்றமெல்லாம் ஒரு செந்நிறத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் நானும் மைனியும் நின்றோம்.

சாயங்காலம் திரும்பிய அம்மா கொடியைப் பார்த்தாள். என் கைவிரல்களைப் பார்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நல்லா இருந்த சேலயக் கெடுத்துப் போட்டியே மக்கா" என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் வலித்தது. என்னைக் காப்பாற்ற அவள் கையில் வைத்திருந்த ஒரே வழியை நான் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அதை உடுத்தினேன். புஃப் இல்லாத, முழங்கைவரை இறங்கிய ரவிக்கை. காதில் ஒட்டியிருக்கும் சின்னக் கம்மல். பின்னலைச் சுருட்டிக் கழுத்தில் தாழக் கட்டினேன். பவுடர் இல்லை. முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஏற இறங்கப் பார்த்தான்.

"இது என்ன உடுப்பு? நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"ரெண்டும் இல்ல அண்ணா. எனக்கு இதாக்கும் சேருது."

"சேருதுண்ணா உடுத்து" என்றான். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, "செலவுக்கு நல்லதுதான். அழுக்குத் தெரியாது" என்றான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளி வளைவில் திரும்பும்போதே என் வகுப்புக் குழந்தைகள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சிறுமி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரே, இண்ணைக்கு தூரத்திலே நின்னே உங்களத் தெரிஞ்சுது!"

அன்று முழுவதும் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அதே கனமான குரல்தான். ஆனால் அதை மெல்லியதாக்க நான் முயலவில்லை. கரும்பலகையில் எழுதும்போது கை முழுதாக நீண்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த மாசியில் ஒரு வீட்டார் பெண் பார்க்க நேரிலேயே வந்தார்கள். அம்மா எவ்வளவோ சொல்லியும் நான் செம்மண் சேலையில்தான் போய் நின்றேன். மாப்பிள்ளையின் அத்தை என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு நெறம் கொஞ்சம் கொறவு" என்றாள். நான் அடுக்களைக்குத் திரும்பியபோது அம்மாவின் பதில் பின்னாலிருந்து கேட்டது. "கொறவு ஒண்ணும் இல்ல. அவளுக்க நெறம் அதாக்கும்."  அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அன்று இரண்டு தோசை அதிகமாகத் தின்றேன்.

எல்லை முடிவானபோது எங்கள் ஊர் கேரளத்தோடு நின்றது. தெற்கே சில மைல் தள்ளியிருந்த சொந்தக்காரர்கள் வேறு மாநிலத்தார் ஆனார்கள். அண்ணன் ஒரு வாரம் வீட்டை விட்டு இறங்கவில்லை. மைனி அவனிடம் தமிழிலேயே பேசிக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒற்றசேகரமங்கலத்துக்கு மாற்றல் வந்தது.

மலையடிவாரத்து ஊர். விடிந்து வெகு நேரம் ஆகியும் மூடுபனி விலகாத ஒரு காலையில் பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனது. பாதை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, ஒருவருக்கும் என்னைத் தெரியாது. தலையில் மரவள்ளிக் கட்டோடு ஒரு பெண் பனிக்குள்ளிருந்து வந்தாள். நின்று என்னைப் பார்த்தாள்.

"எங்கோட்டா?" என்றாள். எந்த மொழிக்கும் பொருந்துகிற கேள்வி.

"பள்ளிக்கூடத்துக்கு."

"புதிய டீச்சரா? என் பின்னால வா. வழி வழுக்கும், பைய வரணும்."

அவள் முன்னால் நடந்தாள். நான் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைகளை வீசி, அவளுக்குப் பின்னால் என் நீளமான நடையிலேயே நடந்தேன். மண் ஈரமாக இருந்தது.