நாசா என்றால் தூக்குவது

தங்கவேலுக்குத் தொழில், தி. நகர் ஜவுளிக்கடைகளுக்கு மூட்டை தூக்குவது. முப்பது வருஷமாக அதேதான். தலையில் ஏற்றிவிட ஒருத்தன், இறக்கிவிட ஒருத்தன் வேண்டும். நடுவில் நடப்பவன் தனி ஆள். அவருக்கு இறக்கிவிட எப்போதும் டில்லிபாபுதான் நிற்பான். அதெல்லாம் ஏழு வருஷத்துக்கு முந்தின கதை.

ஒரு நாள் டில்லிபாபு தன் பைக்கில் தங்கவேலின் மகள் தாரணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். தேனாம்பேட்டை சிக்னல் தாண்டி வண்டி மணலில் சறுக்கிவிட்டது என்றான். பிள்ளை போய்விட்டது, இவனுக்குக் கால் உடைந்ததோடு சரி. "நாசமாப் போய்டுவடா" என்று கல்லறைத் தோட்டத்திலேயே மண்ணை வாரித் தூற்றிய தங்கவேல், அப்புறம் அவன் முகத்தில் விழிக்கவேயில்லை.

போன ஞாயிறு, அடையாறு சர்ச்சில் போதகர் ஐயர் ஓர் எபிரெய வினைச்சொல்லை விளக்கினார்: நாசா. தங்கவேலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் சாபத்தை யாரோ ஐயரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தார். ராக்கெட் விடுகிற நாசாவா என்று பின்வரிசையில் சிரிப்பு வேறு. ஐயர் சொன்னது அதுவுமில்லை. நாசா என்றால் தூக்குவது, சுமப்பது. கடவுள் பாவத்தை மன்னிக்கிறார் என்று வேதத்தில் வரும் பல இடங்களில் மூலத்தில் இருப்பது இதே சொல்தானாம். "நாம பாரத்தையும் பொறுக்கிறோம், பிழையையும் பொறுக்கிறோம் இல்லையா, அது மாதிரி" என்றார். மன்னிக்கிறவர் அதைக் கீழே போட்டுவிடுவதில்லை, தன் தலைக்கு மாற்றிக்கொள்கிறார். மூட்டை தூக்குகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

மறுநாளே மனைவி சொர்ணத்திடம் சொல்லிவிட்டுப் பாலவாக்கம் போனார். அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் வாட்ச்மேனாக இருந்த டில்லிபாபு, இவரைக் கண்டதும் தடுமாறி எழுந்தான்.

"டில்லி, பொறுத்துக்கினேன்டா" என்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வார்த்தை.

அவன் உடைந்துபோனான். "தெரியாம சொல்ற மாமா. மணலு இல்ல. ஃபோன் பேசிக்கினே ஓட்னேன். இதுவரிக்கும் யார்கிட்டயும் சொல்லல."

 தங்கவேலின் கை அவன் கழுத்துக்குத்தான் போனது. எவ்வளவு கனம் என்று கேட்காமலே தலையைக் கொடுத்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. கையை இழுத்துக்கொண்டு கேட் ஓரமாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "எறக்கிட்டல்ல? போய் சாப்டு. சொர்ணம் காதுக்கு இது போவாது" என்றார்.

வீட்டில் சொர்ணம் வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா சொன்னான்?"

"இன்னா சொல்லுவான், அழுதான்" என்றவர், முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சத்தம் அவளுக்குக் கேட்காமல் அழுதார்.