ஒரிஜினல் மாப்பிள்ளை

பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, சாப்பாட்டு மேசை மேல் விரித்த செய்தித்தாளில் ஓர் இரும்புத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். காரின் ஸ்டியரிங் திரும்பும்போது முன்சக்கரத்தை இழுத்துத் திருப்புகிற கம்பி அது. துரு கொஞ்சம் விலகியதும் பிரஷ்ஷை வைத்துவிட்டு லென்ஸை எடுக்கிறார். இரும்பில் பதிந்திருக்கும் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படிக்கிறார். கடைசி இலக்கம் ஏழாக இருக்க வேண்டும், ஒன்பதாக இருக்கிறது. உதட்டைப் பிதுக்கி, "டூப்ளிகேட்" என்கிறார், செத்த எலியைக் கண்டவர்போல. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அடுக்களையிலிருந்து என் தங்கை தட்டுகளோடு வருகிறாள். மேசை காலியாகப்போகிறது என்று அந்த வீட்டில் தெரிந்துகொள்வது அப்படித்தான்.

இவர் என் தங்கையின் கணவர். பழைய கார் வைத்திருப்பவர்கள் வட்டத்தில் இவருக்கு 'ஒரிஜினல்' என்று பெயர். யாரோ கிண்டலுக்கு வைத்தது. இவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா என்று அம்மா கேட்டாள். எழுதாவிட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும் என்றேன். "கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாதேடா அவருக்கு" என்றாள். இருக்கிற ஒன்று போதாதா?

உத்தியோகம் ஓர் அலுவலகத்தின் பதிவறையில். மேலே எழுதிய எண் சரியில்லை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலே கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்து மூன்று வருஷமாக இதைச் செய்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறார். அந்தப் பெயரோடு வீட்டுக்கு வந்து இரும்பிலும் அதையே செய்கிறார். "மச்சான், வண்டிக்கு உயிர் எங்க இருக்கு தெரியுமா? இன்ஜின்ல இல்ல. நம்பர்ல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் தலையாட்டினேன். மாப்பிள்ளையாயிற்றே.

அவர் உயிர் தேடுகிற வண்டி எங்கள் அப்பாவுடையது. கரும்பச்சை நிறம், என்னைவிட மூன்று வயது மூத்தது. என் தங்கை பதினெட்டு வயதில் அதில்தான் ஓட்டக் கற்றாள். நானும் கற்றேன், இரண்டு வாசல் கதவுகளைப் பெயர்த்த பிறகு அப்பா என்னை நிறுத்திவிட்டார். சாகும்முன் சாவியை அவள் கையில் கொடுத்து, "இத நீதான் ஓட்டணும்" என்றார். அவளுக்கு வேலை, நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கை கால் பயிற்சி கொடுப்பது. காலையில் ஒரு மூலை, மதியம் இன்னொரு மூலை. தோளில் பெரிய பை, குதிகாலில் தீராத வலி. அந்த வண்டி அவளுக்கு அலங்காரம் இல்லை, கால்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்டியரிங்கில் ஆட்டம் கண்டது. கால் சுற்று திருப்பினால்தான் சக்கரம் மனசு வைத்து அசையும். மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள பல்லு தேஞ்சுபோச்சுக்கா. பாக்ஸையே மாத்திடலாம். வேன் பாக்ஸ் ஒண்ணு இதுல அப்படியே உக்காரும். ஒரு நாள் வேலை" என்றார். தங்கை சரி என்று சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை கையை உயர்த்தினார். "வேன் பாக்ஸா? மனுஷனுக்கு மாட்டுக் கிட்னி வைப்பீங்களா?" அன்று வண்டி செங்கல் மேல் ஏறியது.

அதற்குப் பிறகு தேடல். கட்டில் அடியில் ஸ்டியரிங் பாக்ஸ்கள் மூன்று, மூன்றும் தள்ளுபடி ஆனவை. பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு ஸ்டியரிங் சக்கரங்கள். அவள் புடவை மடித்து வைக்கிற தட்டில் ரப்பர் வளையங்கள். விடியற்காலையில் எழுந்து எந்தெந்த நாட்டுக்காரர்களுக்கோ கடிதம் எழுதுவார். அவர்கள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கி, மேலே படிந்த புழுதியிலிருந்து திருகாணிவரை குற்றம் கண்டுபிடிப்பார். விரிசல் விட்ட பாகத்தை வாங்கப்போன ஒருவரை இவர் தடுத்ததற்கு அந்த மனிதர் குடும்பத்தோடு நன்றி எழுதியிருந்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், இவரால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் வெளிநாட்டில்.

மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் செங்கல் மேல் நிற்கும் வண்டியில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பாகங்களின் பட்டியல் புத்தகத்தைப் படிப்பார். தெருவில் போகிறவர்கள் வணக்கம் வைப்பார்கள். பதிலுக்கு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல்களை மட்டும் தூக்குவார். பெரிய ஓட்டுநர் என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; இவர் அந்தச் சுரைக்காயை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் வீட்டையே பட்டினி போட்டவர்.

"என்னங்க, அந்த வேன் பாக்ஸையே போட்டுக்கலாமே? மழை ஆரம்பிச்சா பஸ்ல ஏறவே முடியல" என்று தங்கை வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம் பொறு. உங்கப்பா வண்டிக்கு நான் துரோகம் பண்ண மாட்டேன்."

அப்பா பெயரை இழுத்ததும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா அந்த வண்டியின் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்குச் செருப்பு வாரை வெட்டி வைத்து இரண்டு வருஷம் ஓட்டியவர்.

நாலாவது வருஷம் ஒரிஜினல் பாக்ஸ் வந்தது. கடல் தாண்டி, மெழுகுத்தாளில் சுற்றி, எட்டு இலக்கமும் பிசகாமல். மாப்பிள்ளை அன்று அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்தார். மெக்கானிக் தொடப்போனபோது கையைத் தட்டிவிட்டார். "சுத்திப் பாக்காதீங்க. ஃபேக்டரி கிரீஸ் உள்ள அப்படியே இருக்கு, கலைஞ்சிடும்." வட்டத்து நண்பர்கள் ஆறு பேரை வரவழைத்தார். பாக்ஸைப் பொருத்தி, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்தது. தங்கை நல்ல புடவை கட்டி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

"அக்கா, லெஃப்ட்ல திருப்புங்க" என்றார் மெக்கானிக்.

அவள் இடது பக்கம் திருப்பினாள். சக்கரங்கள் இரண்டும் வலது பக்கம் திரும்பின.

அவள் வலது பக்கம் திருப்பினாள். சக்கரங்கள் இடது பக்கம். செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சார், இது ரோட்டுக்கு அந்தப் பக்கமா ஓட்டுற நாட்டுக்குச் செஞ்ச பாக்ஸு. வெளிக்கூடு ரெண்டுக்கும் ஒண்ணுதான், நம்பரும் ஒண்ணுதான். உள்ள மரை மட்டும் எதிர்ப்பக்கம் வெட்டியிருப்பான். கையால ஒரு சுத்து சுத்தியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

மாப்பிள்ளை லென்ஸை எடுத்து எண்ணை இன்னொருமுறை படித்தார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. "பார்ட்டுல தப்பே இல்ல. நம்பர் சரியா இருக்கு" என்றார். பிறகு என் தங்கையைப் பார்த்து, ரொம்ப நிதானமாக, "நீ கொஞ்சம் பழகிக்கிட்டா போதும்" என்றார்.

வேடிக்கை பார்த்தவர்களில் சிரிக்காதவன் நான் ஒருவன்தான். அவள் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்புகிற வண்டியில் பெண்டாட்டி தெருவுக்குப் போனாலும் பரவாயில்லை, எண் மாறக் கூடாது என்று நினைக்கிற மனிதனைத் தங்கைக்குக் கட்டிவைத்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஜாதகம், சம்பளம், பல் வரிசை எல்லாம் பார்த்தோம். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் வண்டி செங்கல் மேல் நின்றது. போன மாதம் வெளியூரில் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றுக்கு மாப்பிள்ளையை நடுவராகக் கூப்பிட்டார்கள். எந்த வண்டியில் எது ஒரிஜினல், எது ஒட்டு என்று தரம் பிரிக்கும் வேலை. சட்டையில் குத்தும் அட்டையை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அதை வீட்டிலிருந்தே குத்திக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ் தெருமுனை திரும்புவதற்குள் தங்கை மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "அண்ணா, அந்த வேன் பாக்ஸ் இன்னும் கெடைக்குமா?"

"அது எங்கக்கா போகும்? நூறு கெடைக்கும்."

சொன்னபடி ஒரு நாள் வேலை. மறுநாள் மதியம் புது பேட்டரி, புது டயர், வேன் பாக்ஸ். இம்முறை யாரையும் அழைக்கவில்லை. அவள் இடது பக்கம் திருப்பினாள், சக்கரம் இடது பக்கம் வந்தது. தெருவை ஒரு சுற்று, பெரிய சாலையில் ஒரு சுற்று, பிறகு நடக்க முடியாத ஒரு நோயாளியின் வீட்டு வாசல்வரை. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவர் அஞ்சு மணி பஸ்ல வர்றார்ண்ணா. நாமளே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள். "ஓடுறதைப் பாத்தா அவருக்கும் சந்தோஷமாத்தானே இருக்கும்?"

நான் பின்சீட்டுக்கு மாறிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவள் வளைந்து வந்து, அவர் காலடியில் ஒரு முழம் விட்டு அழகாக நிறுத்தினாள். கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பின்னால் இருந்த எனக்கு அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அந்த முகத்தைப் பத்து வருஷமாக நான் பார்த்ததில்லை.

"ஏறுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்தைப் பார்த்தார். "எந்த பாக்ஸு?"

"ஓடுதுங்க. ஏறிப் பாருங்களேன்."

பையைக் கீழே போட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஜனங்கள் நடந்துபோகிற சாலையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். அவள் பதறி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். சிறிது நேரம் இரண்டு ஷூக்கள் மட்டும் தெரிந்தன. பிறகு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கிற குரல் கேட்டது. நாலாவது இலக்கத்தில் நின்றது.

"கழட்டணும். ஸ்பானர் எடு."

அவள் அசையவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, உள்ளங்கையை விரித்து, விரல்களை 'கொடு, கொடு' என்று மடக்கி மடக்கி நீட்டியது.