வாடிக்குப் போன மாதா

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். வாகரை, வெருகல், மூதூர் என்று கரையோரமாகத் திருகோணமலைக்கு நூற்று முப்பது கிலோமீற்றர் வரும். இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மாமா மகள் ஜெசிந்தா. முந்தினநாள் தொலைபேசியில் அவள் "வாறியா?" என்று கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை மாதா வாடிக்குப் போறா. சிங்களம் கதைக்க ஒரு ஆள் வேணும். நீ வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கொழும்பில் பத்து வருசம் வேலை பார்த்த பாவத்துக்கு எனக்கு இப்படித்தான் அழைப்பு வரும்.

மூதூரில் ஒரு முஸ்லிம் அம்மா ஏறி என் பக்கத்தில் இருந்தார். "எங்க புள்ள போறீங்க?" என்றார். என் மச்சாளின் ஊர்க் கோவிலில் வைகாசி மாதம் மாதா சுரூபம் வீடு வீடாகச் சுற்றும் என்றும், இந்த முறை அதை நீர்கொழும்பில் இருந்து மீன்பிடிக்க வந்த சிங்களச் சனம் கரையில் கொட்டில் போட்டிருக்கிற வாடிக்கும் கொண்டுபோக மச்சாள் பார்க்கிறாள் என்றும், ஊரில் அதற்குச் சண்டை என்றும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அவங்களும் உங்கட வேதம்தானே?"

"ஓம். ஒரே வேதம்."

"அப்ப சண்டை இருக்கத்தான் செய்யும். எங்கட ஊரிலயும் ரெண்டு பள்ளி. ஒரே பக்கம் பாத்துத்தான் தொழுறம், தெருவில ஆளுக்காள் முகம் பாக்கிறல்ல."

நகரத்தில் பஸ் மாறினேன். குச்சவெளி பஸ்ஸுக்கு நூற்று முப்பது ரூபாய். நிலாவெளி கடந்து, இறக்கக்கண்டிப் பாலம் கடந்து, கச்சான் காற்று முகத்தில் மணலை அள்ளி வீச, குச்சவெளிக்கு இப்பால் இறங்கினேன். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த முறை எனக்கு அங்கே மீன் கிடைக்காது.

ஜெசிந்தாவின் கணவர் கட்டாரில். இங்கே அவளுக்கு எல்லா உதவியும் கணவரின் அண்ணன் அந்தோனிதான். ஊரில் கரைவலையும் இரண்டு படகும் உள்ள சம்மாட்டி. கோவில் பங்கில் சுரூபம் எந்த நாளில் எந்த வீட்டுக்குப் போவது என்று ஒழுங்கு செய்வது ஜெசிந்தா. அவள் என்ன செய்திருந்தாள் தெரியுமா? வியாழக்கிழமை தன் வீடு, வெள்ளிக்கிழமை வாடி, சனிக்கிழமை அந்தோனியின் வீடு என்று வைத்திருந்தாள்.

வெளியூர் வாசகருக்கு இதன் பாரதூரம் விளங்காது. இந்த ஊரில் சுரூபத்தை யாரும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. அடுத்து வாங்கும் வீட்டுத் தலைவன் வந்து, சுரூபம் இருக்கும் வீட்டுக்குள் முழந்தாளிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடித்து, தன் கையால் தூக்க வேண்டும். கொடுத்த வீட்டார் கூடவே நடந்து புது வீட்டுக்குள் போய்ச் செபமாலை சொல்லிவிட்டுத்தான் திரும்பலாம். ஆக, அந்தோனி வாடிக்குள் கால் வைக்க வேண்டும்; வாடிச் சனம் அந்தோனியின் விறாந்தையில் இருக்க வேண்டும்.

"இதென்னடி, எழுந்தமானமாப் போட்டனியோ?" என்றேன்.

"எழுந்தமானமாவோ? ஒரு மாசம் யோசிச்சுப் போட்டனான்! வாடியில இருக்கிற சிறீயானி கலியாணம் கட்டின நாளில இருந்து வருசா வருசம் இஞ்ச வாறாள். ஞாயிறு தவறாமப் பூசைக்கு வந்து கடைசி வாங்கில இருக்கிறாள். ஒருத்தரும் அவளை என்னெண்டு கேட்டதில்ல. மாதா ஒருநாளும் அவளிட்டப் போனதில்ல. எனக்கு வெக்கமா இருக்கு."

"அந்தோனி வராட்டி?"

"வராட்டிச் சுத்து நிண்டுபோகும். பங்குச் சுவாமி என்னட்ட இருந்து பொறுப்பை எடுத்துப்போடுவார். அந்தோனி அத்தானும் இந்தப் படலையை மிதிக்கமாட்டார். எண்டாலும் மாத்தமாட்டன்."

மாலையில் கரைக்குப் போனேன். அந்தோனி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஓ, மொழிபெயர்ப்பாளர் வந்திட்டாவோ!" என்றார். விசயத்தைத் தொட்டதுதான் தாமதம், ஊசியைக் கீழே வைத்தார். கரைவலை இழுக்கும் கரைத்துண்டைப் பாடு என்பார்கள். அவருடைய பாட்டுக்குள் வாடிக்காரர் படகு ஏற்றுகிறார்களாம்.

"மாதாவோட எனக்கு ஒரு கோபமும் இல்ல. அவங்கட கொட்டிலுக்க நான் போகமாட்டன். உங்கட மச்சாளிட்டச் சொல்லுங்கோ, சுரூபத்தைக் கோவில்ல கொண்டந்து வைக்கட்டாம். அங்க வந்து தூக்குறன்."

சொன்னேன். ஜெசிந்தா, "கோவில் ஒரு வீட்டுக்காரர் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அன்றைக்குக் குழம்பில் உறைப்பு மூக்கால் வந்தது.

வெள்ளி மாலை சிறீயானியும் கணவன் நிமலும் இன்னும் சிலரும் ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளைச் சட்டை, தலையில் லேஸ் முக்காடு. முழந்தாளிட்டு, தேத்தண்ணி குடித்து, முறை பிசகாமல் நிமல் சுரூபத்தைத் தூக்கினான். நானும் கூட நடந்தேன். கிடுகுக் கூரைக் கொட்டிலுக்குள் மீன் பெட்டிகளை அடுக்கி, புதுப் படங்குத் துணி விரித்து, பீடம் செய்திருந்தார்கள். சிறீயானி என் கையைப் பிடித்துச் சிங்களத்தில் சொன்னாள்: "அக்கா, ஊரில் எங்கள் வீட்டுக்கு மாதா வரும் நேரம் நாங்கள் எப்பவும் இங்கேதான். இங்கே மாதா சுற்றும் நேரம் எங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை." அதை அப்படியே ஜெசிந்தாவுக்குத் தமிழில் சொன்னேன்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்தோனி வாடிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாடிச் சனத்தோடு நானும் ஜெசிந்தாவும் செபமாலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதியை அவர்கள் சிங்களத்தில் சொல்ல, மறுபாதியை நாங்கள் தமிழில் சொன்னோம். அடுத்த பத்துச் செபத்துக்கு முறையை மாற்றிக்கொண்டோம். முதலில் இரண்டு பக்கமும் தடுமாறியது. பிறகு யார் எங்கே மூச்சு விடுவார்கள் என்று பிடிபட்டுவிட்டது. முடிந்தது. வாசல் பக்கம் ஒருவருமில்லை. ஜெசிந்தா மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள்.

இரண்டாவதும் முடிய, நிமல் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நாங்களே கோவிலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். உங்கள் மச்சாளுக்கு எங்களால் கரைச்சல் வேண்டாம்." தமிழில் சொன்னேன்.

"ஏலாது" என்றாள் ஜெசிந்தா. முகம் வியர்த்து, முழந்தாள் முழுக்க மணல். "கொண்டுபோய் விட்டா அது தபால் பார்சல். அத்தான் வரோணும். வராட்டி மாதா இஞ்சதான், நானும் இஞ்சதான். சொல்லு நிமலுக்கு."

சொன்னேன். சிறீயானி அழத் தொடங்கினாள். எனக்குச் சத்தியமாகக் கோபம் வந்தது. அந்தோனி மேலா, இவள் பிடிவாதத்தின் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது செபமாலையின் நடுவில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அந்தோனி வாசலில் நின்றார். குளித்துத் தோய்ந்து, வெள்ளைச் சாரம் கட்டி, தலை வாரி இருந்தார்.

"மாதாவை மீன் பெட்டிக்கு மேல ரெண்டு ராவு வச்சிருப்பியோ, கொழுப்பு!" என்று தம்பி மனைவியை ஏசினார். "தூக்கித் தா."

"உள்ளுக்கு வாங்கோ அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே கிடுகைப் பார்த்தேன். மூச்சை ஒருமுறை பெரிதாக விட்டு, குனிந்து உள்ளே வந்து, மணலில் முழந்தாளிட்டார். சிறீயானி இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். ஒரு வாய் குடித்தால் முறை முடிந்தது, வைத்துவிட்டு எழும்பலாம். அவர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீனி காணாது" என்றார்.

இதை எப்படி மொழிபெயர்ப்பேன்? ஆனால் சிங்களத்திலும் சீனி சீனிதான்; சிறீயானிக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சீனிப் போத்தலைக் கொண்டுவந்து கரண்டியால் அள்ளிப் போட்டாள். அந்தோனி கலக்கி, அடிவரை குடித்துவிட்டுத்தான் சுரூபத்தைத் தூக்கினார். வந்த வீட்டில் விருந்தாளி சீனி கேட்கமாட்டான். சொந்தக்காரன்தான் கேட்பான். ஜெசிந்தா அப்போதுதான் அழுதாள்.

அந்தோனியின் படலையில் வாடிக்காரர் தயங்கி நின்றார்கள். அவர் திரும்பி, "கரைப் பாட்டுக் கதையை நான் விடயில்ல. அதைத் திங்கட்கிழமை கதைப்பம். இண்டைக்கு உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். நிமல் "ஓம், திங்கள்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு விறாந்தையில் ஏறினான்.

ஞாயிறு பூசையில் சிறீயானி பழையபடி கடைசி வாங்கில்தான் இருந்தாள். ஜெசிந்தா எழும்பிப்போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். வேறு யாரும் எழும்பவில்லை. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

மத்தியானம் பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது மட்டக்களப்பில் உள்ள எங்கள் பங்கை நினைத்துக்கொண்டேன். காலையில் தமிழ்ப் பூசை, அது முடியச் சிங்களப் பூசை. ஒரு கூட்டம் வெளியே வர மற்றக் கூட்டம் உள்ளே போகும். வாசலில் தோள் உரசும், பெயர் தெரியாது. எங்கள் தெரு முனையில் பேக்கரி வைத்திருக்கும், காலியில் இருந்து வந்த சிங்களக் குடும்பம் அந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறது. அவர்களுடைய பாண் தெரியும், அவர்களைத் தெரியாது. எங்கள் தெருவில் ஒக்டோபரில் சுரூபம் சுற்றும். என் வீட்டில் இருந்து அதைத் தூக்க அவர்கள்தான் வரவேண்டும் என்று இந்த முறை சொல்லப்போகிறேன். எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள், தெருவிலும் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பேக்கரிக்காரர் வரும்வரை நான் செபமாலையை நிறுத்தப்போவதில்லை.