மூன்று மணிக்கு நிற்கும் சர்வர்

சர்வர் ஓடும்வரை அதைப் பார்த்துக்கொள்பவன் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் அவன் வீட்டு விலாசம்கூடத் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் அவதிப்படும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பகை

நான் எட்டாவது வரை படித்தவன். தாராவியில் வீடு. மாட்டுங்காவில் கமலா மாமி நடத்தும் திருமணத் தகவல் மையத்துக் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. பழைய சர்வர் திணறித் திணறி ஓடியதால் மாமி புதியது வாங்கினார். அத்தனை ஜாதகங்களையும் அதற்கு நானே மாற்றுகிறேன் என்றேன். காரணம் நெருளில் இதே தொழில் செய்யும் மகேஷ். டிகிரிக்காரன். ஆறு வருடம் முன்பு குர்லாவில் ஒரு கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அண்ணாச்சி, நீங்க ஸ்க்ரூ டிரைவரோட நிறுத்திக்கோங்க. டேட்டாபேஸ் படிச்சவங்க வேலை."

புது வீடு, பழைய மூலை

நல்ல நேரம் பார்த்து, சர்வருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஜாதகங்கள் அடங்கிய டேட்டாபேஸை மாற்றினேன். ஒரு ஜாதகம்கூட விடுபடவில்லை. ஆனால் தேடினால் பழையதைவிட மெதுவாக வந்தது. பழைய செட்டிங்கையும் அப்படியே கொண்டுவந்திருந்தேன். புதியதில் மெமரி எவ்வளவோ இருக்க, டேட்டாபேஸ் பழைய சர்வரில் எடுத்த அளவுக்கு மேல் அதைத் தொடவில்லை. அதை மாற்றி முடிப்பதற்குள், மகளுக்கு வரன் தேடி சான்பாடாவிலிருந்து வந்தவர் எழுந்துவிட்டார்: "மாப்பிள்ளைதான் கிடைக்கலன்னு பார்த்தா, லிஸ்டும் கிடைக்க மாட்டேங்குதே."

மூன்று மணி

வேகம் வந்தது. கூடவே புது வியாதியும் வந்தது. கூட்டம் கூடும் மத்தியானம் மூன்று மணிக்கு சர்வர் தானாக அணைந்தது. சூடு அதிகம் என்று பதிவாகியிருந்தது. ஏசியைக் கூட்டினேன், மெமரியை மாற்றினேன், டேபிள் ஃபேன் வைத்தேன். மூன்று வாரம் ஆகியும் நிற்பது நிற்கவில்லை. மாமி கூப்பிட்டார்: "வெள்ளிக்கிழமை ஒரு நாள் முழுக்க ஓடணும். இல்லேன்னா மகேஷ்கிட்டயே குடுத்துடுவேன், தப்பா நெனச்சுக்காதீங்கோ."

ஊதுபத்தி

வியாழக்கிழமை காலை, மாமியின் சாமி படத்துக்கு முன்னால் எரிந்த ஒரு ஊதுபத்தியை எடுத்து சர்வர் முன்னால் பிடித்தேன். காற்றை உள்ளே இழுக்கும் பக்கம் அது. புகை உள்ளே போக வேண்டும். நேராக மேலே போயிற்று. கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். முன்பக்க வலையில் பாதி ஓட்டைகள் காய்ந்த சந்தனத்தால் அடைத்திருந்தன. குளிர்ச்சிதானே என்று அன்று நானே தாராளமாக அப்பியது. சர்வரை அணைத்து, வலையைக் கழற்றி, ஈரத் துணியும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்த்தேன். ஸ்க்ரூ டிரைவர்கூடத் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி தாண்டியது, நாலும் தாண்டியது. மாமி ஏற்கெனவே சொல்லிவைத்திருந்ததால் மகேஷும் வந்து நின்றான். என்ன கோளாறு என்று கேட்டான். காற்றோட்டம் என்று மட்டும் சொன்னேன். மாமி விடவில்லை: "சந்தனத்தைப் பூசினதும் இவர்தான், துடைச்சதும் இவர்தான். நடுவுல மூணு வாரம் திட்டு வாங்கினது நான்."

மூன்று வாரம் காய்ந்த சந்தனம் ஈரத் துணிக்குப் போய்விட்டது, ஆறு வருடத்துக்கு முன் மகேஷ் சொன்னதுதான் இன்னும் போகவில்லை.