எருமைக்குக் களை எடுத்தேன்

இரண்டு வருஷத்துக்கு முன், புரட்டாசியில் கார் நெல் அறுப்பு முடிந்த கையோடு நடந்தது இது. முக்கூடலுக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையை ஒட்டி எனக்குக் கொஞ்சம் வயல் உண்டு. திருநெல்வேலி டவுணிலிருந்து சிற்பம் செய்கிற பெண் ஒருவர் வந்தார். வயலுக்குக் கீழே ஆற்றோரத்தில் எருமை ஒன்று செய்யப்போவதாகச் சொன்னார். ஆற்று மண், வைக்கோல், பனைமட்டை, இவ்வளவுதான் சாமான். ஊரில் நாலைந்து வைக்கோல் படப்பைப் பார்த்துவிட்டு என்னுடையதைத்தான் கேட்டார். இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வாரத்தில் எருமை தயார். நிஜ எருமையைப் போல மூன்று மடங்கு இருக்கும். ஆற்றைப் பார்த்துப் படுத்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியூர் ஆட்களைக் கூட்டி வருவதாகவும், அவர்களுக்குப் பிடித்தால் பெரிய வேலை ஒன்று கிடைக்கும் என்றும் சொன்னார். “ஆடு மாடு மேயாம மட்டும் பாத்துக்கோங்க அண்ணாச்சி” என்று சொல்லிப் போனார். மண் எருமையை ஆடு எதற்கு மேயப்போகிறது என்று அப்போதே யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நடுவில் மழை பெய்தது. சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் எருமை மேலெல்லாம் நெல் முளைத்துக் கிடக்கிறது. அறுப்பு மெஷின் சரியாக அடிக்காமல் என் வைக்கோலில் நெல் தங்கியது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று எருமையை நாலு சுற்று சுற்றினேன். போனை எடுத்தேன், திட்டு விழும் என்று திரும்பப் பையில் வைத்தேன். பிறகு குனிந்து களை பறிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆற்றுக்குக் குளிக்கப் போன பக்கத்து வயல்காரர், “என்னவே, எருமைக்குச் சவரம் நடக்கா?” என்றார். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, “நம்ம வயல்ல ஒரு நாளாவது இப்படிக் குனிஞ்சிருப்பீயளா?” என்றாள். சாயங்காலத்துக்குள் பறித்து, ஓட்டையில் ஈர மண்ணைப் பூசி முடித்தேன்.

மறுநாள் அந்தப் பெண் ஐந்தாறு பேரோடு வந்து எருமையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“அண்ணாச்சி, நாத்து எங்க? மழ பேஞ்சிருக்குல்லா, இந்நேரம் பச்சையா நிக்கணுமே.”

“ஒண்ணு விடாமப் பறிச்சிட்டேம்மா” என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். “உங்க வைக்கோல்லதான் நெல்லு நெறையக் கெடந்துச்சு. அதுக்காகத்தான வாங்குனேன்.” பச்சையாகி, பழுத்து, கடைசியில் வெள்ளத்தோடு போகும்படி செய்த எருமையாம் அது. ஊரிலேயே மோசமாக அடித்த வைக்கோல் என்பதற்காகத்தான் என் படப்புக்கு அந்த மரியாதை.

பக்கத்தில் நின்ற என் மனைவிதான், “காத விட்டுட்டாவ” என்றாள். உடைந்துவிடும் என்று பயந்து காதில் மட்டும் நான் கை வைக்கவில்லை. இரண்டு காதிலும் கொத்துக் கொத்தாக நாற்று நின்றது. “அவிய காதும் இப்படித்தான்” என்று சேர்த்துச் சொன்னாள். வந்தவர்கள் எருமையை விட்டுவிட்டு முடி அடர்ந்த என் காதைப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். ஈர மண்ணில் பதிந்திருந்த என் விரல் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டார். தண்ணீர் தெளித்துவிட்டு, “இனிமே தொடாதீங்க” என்றார்.

உள்ளே கிடந்த நெல் அங்கங்கே முளைத்து, எருமை மொட்டை போட்டு முடி வளர்கிற ஆள் மாதிரி ஆனது. அந்த வெளியூர் ஆட்கள் மறுபடி வந்து பார்த்தார்கள். வேலையும் அவருக்குக் கிடைத்தது.

ஐப்பசிக் கடைசியில் வெள்ளம் வந்தது. முதலில் கொம்பு போனது, பிறகு முதுகு. காது போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். இப்போதும் எதையாவது பார்த்துப் பதறினால் கை தானாகப் பறிக்கப் போகிறது. அந்த எருமைக் காதை நினைத்துக்கொண்டு, நிதானமாகப் போனை எடுத்து உரியவரிடம் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.