பாஸ் இல்லாமல் கொட்டாஞ்சேனைக்கு

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50. வெள்ளவத்தை.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனதை ஒரு பயணம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். பத்துக் கிலோமீற்றரும் கொஞ்சமும். முச்சக்கர வண்டிக்காரன் ஆயிரத்து நூறு கேட்பான், ஆயிரத்துக்கு வருவான். ஆனால் நான் போனது எழுபது வயது தாண்டிய ஓர் இராணுவ லொறியில். மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போவது அதற்குப் பிடிக்காது. ஓட்டியவளும் நான்தான். ஆகவே இது பயணம்தான், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

லொறியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன சாமான் அது. என் கணவர் நேசன் அதைச் சிலாபத்தில் ஓர் அரிசி ஆலையின் பின்பக்கத்தில் கண்டார். அப்போது அதற்குள் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. மற்ற ஆண்கள் ஓய்வுபெற்றால் கோயில் குளம் என்று போவார்கள். இந்த மனிசன் லொறி வாங்கினார். ஆறு வருடமாக எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் கழற்றினார், பூட்டினார், திரும்பவும் கழற்றினார். இரும்புக் கறள் சுரண்டிய தூள் என் உடுப்புக் கொடியெல்லாம் படிந்தது. பழைய இராணுவப் பச்சையை அடித்தால் வீண்வம்பு என்று சாம்பல் நிறம் பூசினார். என் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் ஒருநாள் காணாமல் போய், பிறகு லொறியின் பெற்றோல் மூடியில் அகப்பட்டது. அன்று வீட்டில் சமையல் இல்லை.

உதவிக்கு வந்தவர் பாமன்கடையில் இருக்கிற மெக்கானிக் சிறிபால. சனிக்கிழமை தவறாமல் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, நேசனின் சிங்களம் சந்தைச் சிங்களம். ஆனாலும் லொறிக்குக் கீழே இரண்டு பேரும் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கதைப்பார்கள். அப்படி என்னதான் கதைத்தார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

போன இரண்டு வருடமாக நேசனின் கண்ணில் வெள்ளை படர்ந்தது. வண்டியை வீதிக்கு எடுத்து ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே! ஐம்பத்து நான்கு வயதில் நான் போய் கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்தேன். பரீட்சை வைத்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மகன் எங்கே?" என்று கேட்டார். மகனும் இல்லை, மருமகனும் இல்லை, நான்தான் என்றேன்.

இப்போது வீட்டுக்காரர் காணியை விற்றுவிட்டார். மாடி கட்டப் போகிறார்கள். நாங்கள் பாமன்கடையில் ஒரு மூன்றாம் மாடிக்குக் குடிபோனோம். லொறியை மூன்றாம் மாடிக்கு ஏற்ற முடியாது. "லொறிக்கு ஒரு இடம் கிடைக்கட்டும், பிறகு என்ர கண்ணைப் பாப்பம்" என்று நேசன் அடம்பிடித்தார். ஒரு கண்ணுக்கு ஏற்கெனவே பிந்திவிட்டது என்று டொக்டர் சொல்லியும் அசையவில்லை. கடைசியில் புறக்கோட்டையில் இரும்புச்சாமான் கடை வைத்திருக்கும் ரியாஸ் நானா, கொட்டாஞ்சேனையில் தன் சரக்குக் கிட்டங்கி முற்றத்தைத் தருவதாகச் சொன்னார். நான் நேசனின் தலையில் கைவைத்துச் சொன்னேன்: "ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் விடுறன். நீங்கள் போய்ப் படுங்கோ."

புதன்கிழமை அவர் ஆசுபத்திரியில் படுத்தார். வியாழக்கிழமை வீட்டுக்காரர் போன் பண்ணினார். மாதக் கடைசியில் வரவேண்டிய இடிக்கும் மெஷின் திங்கள் காலையே வருகிறதாம். ஞாயிறு மத்தியானத்துக்குள் முற்றம் காலியாக வேண்டும், இல்லாவிட்டால் லொறியை வெட்டி இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம்.

வெள்ளிக்கிழமை லொறியைப் பார்க்கப் போனேன். ஸ்டியறிங்கில் நூலால் ஓர் அட்டை கட்டியிருந்தது. நேசனின் கையெழுத்து: "பாஸ் இல்லாமல் எடுக்க வேண்டாம்."

நான் யாழ்ப்பாணத்துக்காரி. தொண்ணூறுகளில் ஊரைவிட்டு வெளிக்கிட ஒரு பாஸ், வவுனியாவில் இருந்து கொழும்புக்கு வர இன்னொரு பாஸ். அந்த இரண்டாவது கடதாசிக்காக வவுனியாவில் பதினொரு நாள் பாயில் கிடந்தேன். பழைய இராணுவ லொறி, ஓட்டுவது தமிழ்ப் பெண், போவது காலிமுகத்திடல் வழியாக. பாஸ் வேண்டாமா பின்னே! மனிசன் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலை பொலிசுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர். சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். லொறி உங்களுடையதா? ஆம். பதிவு, காப்புறுதி இருக்கிறதா? இருக்கிறது. ஓட்ட லைசென்ஸ்? இதோ. பிறகு எதற்கம்மா பாஸ்? நான் விடவில்லை. ஏதாவது எழுதி முத்திரை குத்தித் தாருங்கள் என்று முக்கால் மணி நேரம் அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தொல்லை விட்டால் போதும் என்று அவர் இரண்டு வரி எழுதி முத்திரை குத்தித் தந்தார்.

அன்று பின்னேரம் வார்ட்டுக்குப் போன் எடுத்தேன். நேசன் இரைச்சலுக்கு நடுவே கத்தினார். "நாளைக்கோ எடுக்கிறீர்? பாஸ் சரிதானே?"

"ஓம், காலமையே எல்லாம் சரி."

"அப்ப ஒரு பயமும் இல்லை. பாஸ் இருந்தாக் காணும்."

அதற்குள் தாதி போனை வாங்கிவிட்டாள்.

6.10. காலி வீதிக்கு ஏறும் சந்து.

ரியாஸ் நானா சொன்ன நேரத்துக்கு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்த மூன்று தரம் இழுக்க வேண்டியிருந்தது. எஞ்சின் ஒரு கனைப்புக் கனைத்துப் பிடித்தது. சந்தின் கடைசி வீடு வரை ஜன்னல்கள் திறந்தன. ஆறு வருடமாக இந்தச் சத்தத்தைத் திட்டியவர்கள் கை காட்டினார்கள். கியர் மாற்ற இரண்டு தரம் கிளச் மிதிக்க வேண்டும், அழ நேரமில்லை.

6.35. பம்பலப்பிட்டி.

சிவப்பு விளக்கு. பிறேக்கை மிதித்தேன், நின்றது. கொஞ்சம் ஆழமாகப் போனது போல இருந்தது. கிழட்டு வண்டி, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது பெடல் இன்னும் ஒரு விரல் கீழே போனது.

"அக்கா, பிரேக் சரியாவா ஈக்கி?" என்று ரியாஸ் நானா கேட்டார்.

"சரி, சரி. பாஸ் எல்லாம் கையில இருக்கு, யோசியாதேங்கோ" என்றேன். என் மூளை அன்றைக்கு அவ்வளவுதான்.

7.00. காலிமுகத்திடல்.

நான் பயந்த இடம் இதுதான். கடற்காற்று வீசியது, நடக்க வந்தவர்கள் நடந்தார்கள். வீதிப் பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டினார். ஓரமாக நிறுத்தினேன், பெடலை இரண்டு தரம் மிதிக்க வேண்டியிருந்தது. அவர் கிட்ட வருவதற்குள் நான் கடதாசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டேன். அவர் கடதாசியைப் பார்க்கவே இல்லை. பொனற்றைத் தடவினார். "ஷோக்!" என்றார். மகனுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாமா என்று சிங்களத்தில் கேட்டார். ரியாஸ் நானாதான் இறங்கி எடுத்துக் கொடுத்தார். பொலிஸ்காரர் மற்ற வாகனங்களை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். கடதாசி மடிப்புக் கலையாமல் என் மடியில் கிடந்தது.

7.50. ஆமர் வீதி.

செட்டியார் தெரு ஒடுக்கம், வேண்டாம் என்று ரியாஸ் நானா புறக்கோட்டையைச் சுற்றி ஆமர் வீதியால் கூட்டிப்போனார். ஞாயிறு என்றபடியால் மூட்டை தூக்கும் நாட்டாமைகளின் கைவண்டிகள் இல்லை. கொட்டாஞ்சேனைக்குள் திரும்பிய பிறகு பெடலில் பாதிக்கு மேல் வெறுமை. மிதிக்க மிதிக்கத்தான் கொஞ்சம் பிடித்தது.

8.05. கிட்டங்கிக்குப் போகும் வீதி.

அது துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒரு குறுக்கு வீதி. பெரிய மலையில்லை, சைக்கிள்காரன் மிதிக்காமல் போகும் சரிவு. கீழே தேவாலயத்தில் பூசை முடிந்து சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள், குடை பிடித்த பெண்கள். சரிவில் இறங்கியதும் மிதித்தேன். பெடல் தரை மட்டும் போனது. திரும்பவும் மிதித்தேன். ஒன்றும் இல்லை.

"யா அல்லாஹ்! என்ன செய்ற அக்கா?"

"கையை வெளிய போட்டுக் கத்துங்கோ, நானா!"

அவர் கத்தினார். தமிழில், சிங்களத்தில், பிறகு எந்தப் பாஷையிலும் இல்லாமல் கத்தினார். நான் இரண்டு தரம் கிளச் மிதித்து இரண்டாம் கியருக்கு இறக்கினேன். லொறி முனகியது. பிறகு முதலாம் கியர். பல்லெல்லாம் உடைகிற சத்தம் கேட்டது, ஆனால் விழுந்தது. ஹாண்ட் பிறேக்கை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையால் இழுத்தேன். ஆள் நடக்கிற வேகத்தில், எருமைபோல, லொறி கீழே போனது. சனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார், ஊர்வலம் என்று நினைத்தாரோ தெரியாது. கிட்டங்கிப் படலை திறந்திருந்தது. உள்ளே விட்டு, கியரிலேயே எஞ்சினை நிறுத்தினேன். சுவருக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

நான் இறங்கிச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பிறகு படியில் உட்கார்ந்து அழுதேன். ரியாஸ் நானா எங்கேயோ போய் இஞ்சி போட்ட பிளேன்ரீ இரண்டு வாங்கி வந்தார்.

8.40. கிட்டங்கி முற்றம்.

போன் அடித்தது. சிறிபால. "கோ நோனா லொறிய?" லொறி எங்கே என்கிறார்! பிறேக்குக்குப் போடவேண்டிய ரப்பர் நேற்றுத்தான் கிடைத்ததாம். வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து பார்த்தால் முற்றம் வெறுமையாம். நான் கொட்டாஞ்சேனை என்றதும் விலாசத்தைக் கேட்டு வாங்கிப் போனை வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். நேரே லொறிக்குக் கீழே போனார். வெளியே வந்தபோது கையெல்லாம் பிறேக் ஒயில். பழைய ரப்பர் கிழிந்து முழுக்க ஒழுகிவிட்டதாம். அந்த மனிதர் கோபப்பட்டு நான் கண்டது அன்றுதான். "நான் வராமல் எடுக்கக்கூடாது என்று நேசன் மாத்தயாவிடம் எழுதிவைக்கச் சொன்னேனே! நோனா பார்க்கவில்லையா?"

"எழுதித்தானே இருந்தது! பாஸ் வாங்கித்தானே எடுத்தன்!" என்று அட்டையையும் பொலிஸ் கடதாசியையும் சேர்த்து நீட்டினேன். சிறிபாலவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ரியாஸ் நானா வாங்கி உரக்க வாசித்தார். "பாஸ் இல்லாமல் எடுக்க வேண்டாம்." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிறிபாலவைப் பார்த்தார். "அக்கா... பாஸ் எண்டா இந்தா, இவர்தானே நிக்கிறார்!"

கொழும்பில் மேசன், தச்சன், மெக்கானிக் எல்லோரையும் கூப்பிடுவது பாஸ் என்றுதான். எனக்கும் தெரியும். கொழும்பில் பிறந்த நேசன் அந்த எழுத்தைப் போட்டால் ஒரு வேலைக்காரர் வருவார். நான் அதே எழுத்தை வாசித்தால் முத்திரை குத்திய கடதாசி வருகிறது. ஒன்று b, மற்றது p; தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப'. முப்பது வருடம் ஒரே பாயில் படுத்தும் இது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே!

சிறிபால பொலிஸ் கடதாசியை வாங்கி வாசித்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் அதுவரை கேட்கவே இல்லை, முத்திரையைத்தான் பார்த்தேன். எழுத்துச் சிங்களம் எனக்கு எட்டாது; அவர் மெல்ல வாசித்துச் சொல்ல, ரியாஸ் நானா தமிழாக்கினார். "இந்த அம்மா தன்ட லொறிய தன்ட வீட்டிலேந்து கொண்டு போறா. இதுக்கு ஒருத்தர்டயும் அனுமதி தேவையில்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிறிபால கடதாசியை நான்காக மடித்து என் கையில் தந்துவிட்டு, ரப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போனார்.

பின்னேரம் 4.00. ஆசுபத்திரி.

திரும்பி பஸ்ஸில் வந்தேன். அதே காலி வீதி, உயரம்தான் குறைவு. கடல் கட்டடங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகத் தெரிந்தது. நேசன் ஒரு கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

"கீறல்?"

"ஒண்டும் இல்லை."

"பாஸ் என்ன சொன்னவர்? வழியில பிறேக் எப்பிடியாம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சரிவையும் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் முகம் வெளுத்தது. என் கையைத் தேடிப் பிடித்தார். "என்னப்பா இது! பாஸ் இல்லாமலோ கொட்டாஞ்சேனை மட்டும் போனனீர்?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பையில் அந்தக் கடதாசி இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

"ஓம்," என்றேன், கொஞ்சம் உரத்தே. "பாஸ் இல்லாமல்தான் போனனான்."